தாளில் இல்லாத கிணறு: ஒரு சிறிய ரயில் ஊரின் பழைய தலப்படங்களும் ஒரு விளையாட்டுத் திடலும்

பின்னணி

அமெரிக்காவின் கொலராடோ என்றதும் ராக்கி மலைதான் நினைவுக்கு வரும். மாநிலத்தின் கிழக்குப் பகுதி அப்படியல்ல. கன்சாஸ் எல்லையிலிருந்து டென்வர் வரை மெல்ல ஏறிப் போகும் வறண்ட புல்வெளி மேட்டுநிலம் அது. 1870-ல் கன்சாஸ் பசிபிக், 1882-ல் பர்லிங்டன், 1887-ல் மிசௌரி பசிபிக், 1888-ல் ராக் ஐலண்ட் என ரயில் நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இந்தச் சமவெளியைக் கடந்தன. நீராவி எஞ்சினுக்கு 10 முதல் 20 மைலுக்கு ஒருமுறை தண்ணீர் வேண்டும். ஆறு பெரும்பாலும் மணலாகக் கிடக்கும் நாட்டில் அந்தத் தண்ணீரைக் கிணறு வெட்டித்தான் எடுக்க முடியும். கிணறு வெட்டிய இடம் நிலையமாயிற்று, நிலையம் ஊராயிற்று.

இங்கே பேசப்படும் ஊர் 1880-களில் போடப்பட்ட பாதைகளில் ஒன்றின்மேல் இருக்கிறது. சில நூறு பேர் வாழும் ஊர். ஊர், நிறுவனம், ஆட்கள் யாருடைய பெயரும் இதில் இல்லை. 1875-ன் ரயில்பாதை நிலச் சட்டப்படி பாதை நடுவிலிருந்து இருபுறமும் 100 அடியும், நிலையத்துக்கென 20 ஏக்கர் வரையும் ரயில் நிறுவனம் பெறலாம். அப்படி வந்த நிலைய நிலத்தில் சுமார் 2 ஏக்கர் பல ஆண்டுகளாகப் புல் மண்டிக் கிடந்தது. ஊர் மன்றம் அதை வாங்கிக் குழந்தைகள் விளையாட்டுத் திடல் அமைக்க நினைத்தது. கடன் தரும் அமைப்பு, வாங்கும் முன் நிலத்தின் பழைய பயன்பாட்டை ஆராய்ந்து அறிக்கை தரச் சொன்னது.

இத்தகைய ஆய்வு அங்கே ஏஎஸ்டிஎம் இ1527 என்ற நெறிமுறையின்படி நடக்கும். நிலம் முதன்முதலில் பயன்பாட்டுக்கு வந்த காலம் அல்லது 1940, இரண்டில் எது முந்தையதோ அதுவரை பின்னோக்கித் தேட வேண்டும். நகரமென்றால் தீக்காப்பீட்டு வரைபடங்கள் வீடு வீடாகத் தகவல் தரும். இந்த ஊருக்கு அவை கிடைக்கவில்லை. அதனால் அமெரிக்க நிலவியல் அளவைத் துறையான யுஎஸ்ஜிஎஸ் வெளியிட்ட பழைய தலப்படங்கள், அதாவது நிலத்தின் ஏற்ற இறக்கத்தையும் சாலை, ரயில்பாதை, கட்டடங்களையும் காட்டும் டோபோ ஷீட்கள், முதன்மைச் சான்றாயின. அத்துறை தன் பழைய தாள்களையெல்லாம் ஸ்கேன் செய்து இலவசமாகத் தருவதால் ஒரே மதியத்தில் எல்லாம் கைக்கு வந்துவிட்டன.

கையில் இருந்த தாள்கள்

முதல் தாள் 1:125,000 அளவையில், 30 கலைச் சதுரத்தில் அமைந்தது (கலை என்பது அட்சரேகை, தீர்க்கரேகைப் பாகையில் அறுபதில் ஒரு பங்கு). 1890 வாக்கில் களமளந்து 1893-ல் வெளியானது. இரண்டாவது அதே தாளின் 1911 அச்சு. மூன்றாவது 1950-களின் 1:250,000 ராணுவ வரைபடம். நான்காவது 1:24,000 அளவையில், 7.5 கலைச் சதுரத்தில் 1970-களின் பிற்பகுதியில் வந்தது.

முதல் தாளில் ஊர் என்பது பாதையை ஒட்டிய சில கறுப்புச் சதுரங்கள் மட்டுமே. மூன்றாவதில் ஒரு வட்டமும் பெயரும். நான்காவதில் தெருக்கள், தானியக் கோபுரங்கள், ஊரின் தண்ணீர்த் தொட்டி, பிரதான தண்டவாளத்தை ஒட்டி ஒரு லூப் லைன், அதிலிருந்து பிரிந்து, மன்றம் வாங்க நினைத்த மனையின் மேற்கு ஓரத்தில் முடியும் ஒரு குட்டைப் பாதை ஆகியவை இருந்தன. மனை மட்டும் நான்கிலும் வெள்ளையாகவே இருந்தது.

முதல் வரைவு அறிக்கை

ஆய்வு நிறுவனத்தின் இளம் ஆய்வாளர் எழுதிய வரைவு, 1893, 1911, 1950-கள், 1970-கள் என நான்கு காலங்களிலும் மனை காலியாக இருந்ததாகச் சொன்னது. மேற்கொண்டு ஆய்வு தேவையில்லை என்று பரிந்துரைத்தது.

மேலாய்வு செய்த மூத்தவர் கையெழுத்திட மறுத்தார். அவருடைய காரணங்கள் தலப்படம் கையாளும் எவருக்கும் பயன்படக்கூடியவை.

தாளின் ஆண்டு வேறு, தாள் காட்டும் ஆண்டு வேறு. 1893 தாளின் கீழ் ஓரத்தில் களமளந்த ஆண்டு தனியே அச்சாகியிருக்கும். 1911 என்பது மறு அச்சின் ஆண்டு. செப்புத் தகடு பழையதுதான், எவரும் மீண்டும் களத்துக்குப் போகவில்லை. ஆக 1911 தாள் 1890-ஐப் பற்றி இரண்டாவது முறை சொல்கிறது, அவ்வளவே. 1:250,000 தாளோ வேறு மூலங்களிலிருந்து தொகுக்கப்பட்டது. அதில் 1 மில்லிமீட்டர் தரையில் 250 மீட்டர், அதாவது மனை முழுவதும் ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். 7.5 கலைத் தாளின் இடது கீழ் மூலையில் வான்படம் எடுத்த ஆண்டும் களத்தில் சரிபார்த்த ஆண்டும் இருந்தன. இரண்டுமே 1970-கள். (இத்தகைய தாள்களில் ஊதா நிறத்தில் இருப்பவை பின்னர் வான்படத்தை மட்டும் பார்த்துச் சேர்த்தவை. அவற்றின் ஆண்டு வேறாக இருக்கும். இந்தத் தாளில் ஊதா இல்லை.)

எனவே நான்கு சாட்சிகள் என்று தோன்றியவை உண்மையில் இரண்டு. ஒன்று 1890-ஐயும் மற்றது 1970-களையும் சொல்கிறது. இடையில் 80 ஆண்டுகளுக்கு மேல். நீராவி எஞ்சின்களின் காலம் ஏறக்குறைய முழுவதுமே அந்த இடைவெளிக்குள் விழுகிறது. 1890-ல் ஊருக்கு வயது இரண்டோ மூன்றோதான். 1950-களுக்குள் டீசல் வந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டி, பம்பு அறை, நிலக்கரி ஏற்றும் மேடை, சாம்பல் குழி எல்லாம் முதல் தாளுக்குப் பிறகு எழுந்து, கடைசித் தாளுக்கு முன் மறைந்திருக்கலாம். மேட்டுச் சமவெளியின் பல ஊர்களுக்கு இதே நிலைதான். 30 கலைத் தாளுக்குப் பின் 7.5 கலைத் தாள் வரும்வரை பெரிய அளவையில் வேறு தாளே கிடையாது.

இன்னொன்று, முதல் தாள் எதைக் காட்ட வல்லது என்பது. 50,000 கேலன் மரத் தொட்டி ஒன்றின் விட்டம் 24 அடி. 1:125,000-ல் அது 0.06 மில்லிமீட்டர், வரையவே முடியாது. தொட்டி அன்றைக்கே இருந்திருந்தாலும் தாளில் வந்திருக்காது.

மூத்தவரின் கண்ணில் கடைசியாகப் பட்டது அந்தக் குட்டைப் பாதை. ஒன்றும் இல்லாத இடத்துக்கு யாரும் தண்டவாளம் போட மாட்டார்கள்.

எடுத்த முடிவுகள்

உடனே மண் துளையிடலாம் என்ற யோசனை முதலில் வந்தது. 2 ஏக்கரில் கண்ணை மூடிக்கொண்டு எட்டுத் துளை போட்டால், 5 மீட்டர் அகலமுள்ள ஒரு கிணற்றின்மேல் ஒன்றாவது விழும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே துளைக்கான பணத்தில் ஒரு பகுதியை இன்னும் இரண்டு ஆவணங்களுக்குச் செலவிடுவதென்று முடிவாயிற்று.

முதலாவது, ரயில் மதிப்பீட்டு வரைபடம். 1913-ல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் ஒவ்வொரு ரயில் நிறுவனமும் தன் சொத்தை அளந்து படம் வரைந்து தர வேண்டியதாயிற்று. நிலைய வளாகங்களுக்கான படம் 1 அங்குலத்துக்கு 100 அடி அளவையில், அதாவது 1:1,200-ல் இருக்கும். தலப்படத்தைவிட இருபது மடங்கு நெருக்கமான பார்வை. இவை அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ரயில் ஊரை ஆராய்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான் என்பது எங்கள் உறுதியான கருத்து.

இரண்டாவது, வேளாண் துறை 1930-களின் பிற்பகுதியில் எடுத்த 1:20,000 வான்படம். புழுதிப் புயல்கள் வீசிய ஆண்டுகளில் பயிர் நிலங்களை அளக்க எடுத்தவை. அதனால் சமவெளியில் இவை பரவலாகக் கிடைக்கும்.

மதிப்பீட்டுப் படம் கேள்விக்கு விடை தந்தது. மனையின் மேற்குப் பாதியில் தொட்டி, பம்பு அறை, 16 அடி விட்டமுள்ள கிணறு, நிலக்கரி மேடை, தண்டவாளத்தின் நடுவே சாம்பல் குழி எல்லாம் வரையப்பட்டிருந்தன. வான்படத்தில் தொட்டியின் நிழலும், குட்டைப் பாதையை ஒட்டி 30 மீட்டர் நீளத்துக்குக் கறுத்த தரையும் தெரிந்தன.

முதல் துளைகள்

ஆய்வாளர் மதிப்பீட்டுப் படத்தைக் கணினியில் 7.5 கலைத் தாளின்மேல் பொருத்தினார். பிரதான தண்டவாளம் தண்டவாளத்தின்மேல் துல்லியமாக அமர்ந்தது. செயற்கைக்கோள் படத்தை அடியில் போட்டபோதும் பாதை பாதையோடு பொருந்தியது. கிணறு, சாம்பல் குழி, நிலக்கரி மேடை மூன்றின் ஆயத்தொலைவுகளையும் எடுத்து, ஜிபிஎஸ் கருவி காட்டிய இடத்தில் மூன்று துளைகள் 3 மீட்டர் ஆழத்துக்குப் போடப்பட்டன. மூன்றிலும் காற்று கொண்டுவந்து படிந்த மஞ்சள் வண்டல் மட்டுமே கிடைத்தது. கசடு இல்லை, எண்ணெய் வாடை இல்லை. எல்லாவற்றையும் எப்போதோ அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஊர் மன்றம் நிம்மதி அடைந்தது.

எங்கே பிசகியது

எல்லை அளக்க வந்த சர்வேயர் துளைகளின் இடத்தைப் படத்தில் பார்த்தார். அவர் தண்டவாளத்தைப் பார்க்கவில்லை, ஊரின் மேற்கே வடக்கு தெற்காகப் போகும் மண்சாலையைப் பார்த்தார். அந்தச் சாலை 1 மைல் சதுரமான செக்‌ஷன் எல்லையின்மேல் போவது, நகர்ந்ததே இல்லை. கணினியில் தலப்படத்தின் சாலை, உண்மையான சாலைக்குச் சுமார் 40 மீட்டர் கிழக்கே கிடந்தது.

காரணம் டேட்டம், அதாவது அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் அடிப்படை. 7.5 கலைத் தாள் என்ஏடி 27 என்ற 1927-ன் அளவை அடிப்படையில் வரையப்பட்டது. பூமியின் வடிவத்துக்குக் கிளார்க் 1866 என்ற நீள்வட்டகத்தைக் கொண்டு, கன்சாஸின் மீட்ஸ் ராஞ்ச் என்ற இடத்தைத் தொடக்கப் புள்ளியாக வைத்த முறை அது. இன்றைய ஜிபிஎஸ் பயன்படுத்தும் அடிப்படை வேறு. கிழக்குக் கொலராடோவில் இரண்டுக்கும் வித்தியாசம் கிழக்கு மேற்காகச் சுமார் 40 மீட்டர், வடக்கு தெற்காக மிகச் சிறிது. பழைய தாளின் தீர்க்கரேகையை அப்படியே ஜிபிஎஸ்ஸில் இட்டால் உண்மையான இடத்துக்குக் கிழக்கே போய் நிற்போம். (இடத்தை மீட்டர் கணக்கில் சொல்லும் யுடிஎம் கட்ட முறையின் எண்களாக எடுத்திருந்தால் வடக்கு தெற்கில் சுமார் 200 மீட்டர் பிசகியிருக்கும், அது உடனே தெரிந்திருக்கும்.)

பிசகு ஏன் யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் இந்த நிகழ்வின் மையம். இந்த ஊரில் பாதை கிழக்கு மேற்காக ஓடுகிறது. டேட்டம் பிசகும் கிழக்கு மேற்காகவே இருந்தது. படம் முழுவதும் தண்டவாளத்தின் போக்கிலேயே வழுக்கி நகர்ந்ததால், பாதை பாதையின்மேல் கச்சிதமாகவே தெரிந்தது. நீளமான நேர்கோடு ஒன்றைக் கொண்டு சரிபார்த்தால் அதற்குக் குறுக்கான பிசகு மட்டுமே கண்ணில் படும். நிலையக் கட்டடம் இருந்திருந்தால் காட்டிக்கொடுத்திருக்கும். அதை இடித்துப் பல காலம் ஆகிவிட்டது.

பிசகு நுழைந்த வழியும் எளியது. யுஎஸ்ஜிஎஸ் தரும் ஜியோடிஃப் கோப்பில் டேட்டம் பற்றிய குறிப்பு உள்ளேயே இருக்கும். ஆய்வாளரிடம் இருந்தது அதிலிருந்து மாற்றிய ஜேபெக் படமும் அதனுடன் வரும் சிறு எண் கோப்பும். அந்தக் கோப்பில் ஆறு எண்கள் மட்டும்தான். அவை படத்தின் அளவையையும் இடத்தையும் சொல்லும், எந்த டேட்டம் என்று சொல்லாது. மென்பொருள் தானாகவே இன்றைய டேட்டத்தை வைத்துக்கொண்டது.

மறுபடி இடம் குறித்தல்

சர்வேயர் தலப்படத்தை இடம் குறிக்கும் வேலையிலிருந்தே விலக்கினார். அமெரிக்காவின் தேசிய வரைபடத் துல்லிய விதிப்படி, 1:20,000-ஐவிடச் சிறிய அளவைத் தாள்களில் தெளிவான புள்ளிகளில் 90 சதவீதம் அங்குலத்தில் 50-ல் ஒரு பங்குக்குள் சரியாக இருந்தால் போதும். 1:24,000-ல் அது 40 அடி, 12 மீட்டருக்குச் சற்று மேல். டேட்டத்தைச் சரிசெய்த பிறகும் 5 மீட்டர் கிணற்றைப் பிடிக்க அது போதாது. மேலும் இணையான இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே நடுவுக்கு நடு 14 அடி என்றால், தாளில் 0.18 மில்லிமீட்டர். இரண்டு கோடுகளும் ஒட்டிக்கொள்ளும் என்பதால் வரைவாளர் லூப் லைனை வெளிப்புறம் தள்ளித்தான் வரைவார். அந்தக் குட்டைப் பாதை இருந்தது என்று தாளை நம்பிச் சொல்லலாம். எங்கே இருந்தது என்பதைத் தாளில் அளக்கக் கூடாது.

மதிப்பீட்டுப் படத்துக்குத் தலப்படம் தேவையே இல்லை. அதில் ஒவ்வொரு பொருளும் பாதை வழியே 100 அடிக்கு ஒன்றாக எண்ணிய தொடர் எண்ணாலும், பாதை நடுவிலிருந்து விலகிய தூரத்தாலும் குறிக்கப்பட்டிருக்கும். பழைய கல் மதகு ஒன்று 1112+90 என்ற எண்ணில், அதாவது 1,112 நூறடிகளுக்கு மேல் 90 அடியில் இருந்தது, இன்றும் இருக்கிறது. கிணற்றின் நடு 1118+42. வித்தியாசம் 552 அடி, அதாவது 168.2 மீட்டர். பாதை நடுவிலிருந்து விலகல் 68 அடி, 20.7 மீட்டர். பாதையைத் திருத்திப் போட்ட இடங்களில் தொடர் எண் முறிந்து வேறு எண்ணில் தொடரும், அப்படி ஒரு முறிவு மதகுக்கும் கிணற்றுக்கும் இடையில் இல்லை என்பதைச் சர்வேயர் முதலில் உறுதி செய்துகொண்டார். பிறகு மதகின் நடுவிலிருந்து டேப்பும், கோணத்தையும் தூரத்தையும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியும் கொண்டு நேரடியாக அளந்தார்.

குறித்த இடத்தை, விமானத்திலிருந்து லேசர் கொண்டு அளந்த லைடார் உயரப் படத்தோடு ஒப்பிட்டபோது, ஒரு மீட்டருக்குள்ளாகவே 6 மீட்டர் அகலத்தில் 35 சென்டிமீட்டர் தாழ்ந்த ஒரு வட்டம் தெரிந்தது. 10 அடி இடைவெளியில் சமஉயரக் கோடு வரைந்த தாளில் இது வர வாய்ப்பே இல்லை. இதே நாட்களில், முன்பு தண்டவாளப் பராமரிப்புக் குழுவில் வேலை பார்த்த ஒரு முதியவரிடம் கேட்டார்கள். அவர் நடந்துபோய் நின்ற இடமும் அந்த வட்டத்தின் விளிம்புதான்.

கிடைத்தது என்ன

கிணற்றின் இடத்தில் போட்ட துளை 9 மீட்டர் ஆழத்திலும் இயற்கை மண்ணைத் தொடவில்லை. கசடு, செங்கல் உடைசல், மக்கிய மரம், இடையிடையே வெற்றிடம். வெட்டுக் கிணற்றை இடிபாட்டைக் கொட்டி மூடியிருக்கிறார்கள். மரம் மக்க மக்க மேல்மண் இறங்கிக்கொண்டிருந்தது. ஊர் மன்றத்தின் வரைபடப்படி ஊஞ்சல் வரிசை அதற்குச் சில அடி தள்ளித்தான் வருவதாக இருந்தது. சமவெளி ரயில் காலத்துக் கிணறுகளைச் சிறியவை என்று எண்ணிவிடக் கூடாது. கன்சாஸின் கிரீன்ஸ்பர்க் ஊரில் 1888-ல் கையால் வெட்டி முடித்த கிணறு 32 அடி விட்டமும் 109 அடி ஆழமும் உள்ளது.

சாம்பல் குழிப் பக்கம் 40 முதல் 60 சென்டிமீட்டர் தடிப்பில் நிலக்கரிக் கசடும், அதில் குழந்தைகள் மண்ணைத் தொட்டு விளையாடும் இடத்தில் ஏற்கக்கூடிய அளவைவிட மிகுந்த ஈயமும் ஆர்சனிக்கும் இருந்தன.

பின்நடவடிக்கை

இடத்தைக் கைவிடலாமா என்று மன்றம் யோசித்தது. முதல் மூன்று துளைகள் இப்போது வேறு வகையில் உதவின: கிழக்குப் பாதி சுத்தமானது என்பதற்கு அவையே சான்று. திடல் கிழக்கே நகர்ந்தது. மேற்குப் பாதி வாகன நிறுத்தமாயிற்று. கசட்டின்மேல் எச்சரிக்கை நிறத் துணி விரித்து, 60 சென்டிமீட்டர் சுத்த மண் இட்டு, அதன்மேல் தளம் போடப்பட்டது.

கிணற்றுக்கு மாநில நீர் அலுவலகத்தின் ஒப்புதல் பெறப்பட்டது. மூடிய கிணறு என்றாலும் மேற்பரப்புக் கசடு நிலத்தடி நீருக்கு நேரே இறங்கும் குழாய் போன்றது அது. ஊரும் நிலத்தடி நீரையே குடிக்கிறது. தளர்ந்த நிரப்பலுக்குள் துளைகள் வழியே சிமெண்டும் பெந்தோனைட் களிமண்ணும் கலந்த குழம்பைச் செலுத்தி வெற்றிடங்கள் அடைக்கப்பட்டன. மேலே கிணற்றுச் சுவரைத் தாண்டி எல்லாப் பக்கமும் 1 மீட்டர் நீளும் கம்பி கட்டிய கான்கிரீட் மூடி போடப்பட்டது.

இனி மாற்றப்படுபவை

ஆய்வு நிறுவனம் தன் அறிக்கைப் படிவத்தில் தலப்படத்துக்கான பத்தியை மாற்றியது. வெளியீட்டு ஆண்டு என்ற ஒரு கட்டத்துக்குப் பதில் களமளந்த ஆண்டு, வான்பட ஆண்டு, களச் சரிபார்ப்பு ஆண்டு, மறு அச்சு ஆண்டு எனத் தனித்தனிக் கட்டங்கள் வந்தன. மறு அச்சு தனிச் சான்றாக எண்ணப்படாது. இரண்டு களமளப்புக்கு இடைப்பட்ட காலத்தில் அந்த ஊரில் என்ன தொழில் நடந்தது என்பதை எழுதிய பிறகே ‘காலி நிலம்’ என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டும்.

படங்களைப் பொருத்தும்போது மூல ஜியோடிஃப் கோப்பையே எடுக்க வேண்டும். 7.5 கலைத் தாளில் 2.5 கலைக்கு ஒன்றாக மொத்தம் 16 ஆயக் குறிகள் இருக்கும். நான்கு மூலைகளோடு நிறுத்தாமல் பதினாறையும் பயன்படுத்தினால், தாள் ஈரத்தில் நீண்டதும் சுருங்கியதும் சமன்படும். 1980-களில் அச்சான பல தாள்களின் ஓரத்தில் புதிய டேட்டத்துக்கு எத்தனை மீட்டர் நகர்த்த வேண்டும் என்றே எழுதியிருக்கும், அதை வாசித்தாலே போதும். 1927-க்கு முந்தைய தாள்களுக்கு அத்தகைய குறிப்பு இல்லை. அவற்றைச் செக்‌ஷன் மூலைகளைக் கொண்டு மட்டுமே பொருத்த வேண்டும், அப்படிப் பொருத்தினாலும் 100 மீட்டருக்குக் குறைந்த எதையும் அவற்றில் அளக்கக் கூடாது. பொருத்திய பின் சரிபார்க்கும் புள்ளிகளில் குறைந்தது இரண்டு, தண்டவாளத்துக்குக் குறுக்கே போகும் கோடுகளில் இருக்க வேண்டும்.

உள்ளூர் முதியவர்களைப் பார்ப்பது துளையிடும் கருவி வருவதற்கு முன் நடக்கும். ஏஎஸ்டிஎம் நெறிமுறையும் நேர்காணலைக் கேட்கிறது. நடைமுறையில் அது கடைசி வாரத்துக்குத் தள்ளப்பட்டுவிடுகிறது.

யுஎஸ்ஜிஎஸ் 2009 முதல் வெளியிடும் புதிய தலப்படங்கள் கணினித் தரவுத்தளங்களிலிருந்து உருவாகின்றன. மூடிய கிணறு அவற்றில் வராது. ஆகவே கிணற்று மூடியின் நடுப்புள்ளி, டேட்டத்தின் பெயரோடு கூடிய ஆயத்தொலைவாகவும், கல் மதகிலிருந்து அடிக்கணக்கிலும் மாவட்டப் பதிவு அலுவலகத்தில் நிலப் பத்திரத்தோடு சேர்த்துப் பதியப்பட்டது. மதகையும் ஒருநாள் இடிக்கலாம் என்பதால், மேற்கே உள்ள செக்‌ஷன் மூலைக் கல்லிலிருந்தும் ஓர் அளவு அதே பக்கத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது.